குறுஞ்செய்தியில் நம் கடைப் பெயர்: பதிவு செய்வது ஏன், எப்படி?



என் தகப்பனார் காலத்தில் குண்டூர் மண்டியிலிருந்து எங்கள் கடைக்கு மிளகாய் மூட்டை வரும். அந்த மண்டிக்காரர்களின் பழைய பில்கள் சில இன்னும் கடைப் பரணில் இருக்கின்றன. பில்லின் தலைப்பில் கடைப் பெயர், தெரு, போன் நம்பர் இவற்றுடன், ‘தந்தி’ என்று போட்டு ஒரே ஒரு சிறு சொல்லும் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் தந்தி விலாசம். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, விலாசத்தில் உள்ள சொல்லுக்கும் காசு. ஆகவே வியாபாரிகள் தந்தி ஆபீசில் கட்டணம் கட்டி ஒரு சுருக்கப் பெயரைப் பதிவு செய்துகொள்வார்கள். ஒரு ஊரில் ஒருவருக்குக் கொடுத்த பெயரை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

தந்தி சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் சுருக்கப் பெயர் வழக்கம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. நம் செல்போனுக்கு வங்கியிலிருந்தும் கேஸ் ஏஜென்சியிலிருந்தும் குறுஞ்செய்தி வரும்போது, அனுப்பியவர் இடத்தில் பத்து இலக்க நம்பருக்குப் பதிலாக ஒரு பெயர் வருகிறதல்லவா? அதற்கு ‘ஹெடர்’ என்று பெயர். நாம் அதை அனுப்புநர் பெயர் என்று சொல்லலாம். இந்தப் பெயரை நம்மைப் போன்ற மளிகை வியாபாரிகளும் பதிவு செய்துகொள்ள முடியும். செய்யாமல் நான் பட்ட கஷ்டத்தையும், பிறகு செய்த விதத்தையும் சகோதர வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நான் செய்த தவறு

நான் பள்ளிக்கூடப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் திருத்தணியைச் சுற்றியும், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கமும், எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கமும் இருக்கிறார்கள். பருப்பு, வெல்லம், எண்ணெய் விலை மாறும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் போன் செய்வது நடக்கிற காரியமில்லை. 2025 ஆடிக் கிருத்திகைக்கு முன்பு, கடை செல்போனில் சேர்ந்திருந்த அறுநூறு சொச்சம் நம்பர்களுக்கு அந்த போனிலிருந்தே விலைப் பட்டியலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொன்னேன். ஒரு நாளைக்கு நூறு செய்தி இலவசம் என்று எங்கள் பேக்கில் இருந்தது. நூறு நூறாக ஏழு நாள் அனுப்பி முடித்தோம். காசு செலவில்லாமல் காரியம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் லாரி டிரைவருக்குப் போன் போட்டால் போகவில்லை. குறுஞ்செய்தியும் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் வருகிறது. நாம் கூப்பிட்டால்தான் போகவில்லை. என் பெயரில் இருந்த இரண்டு நம்பருக்கும் அதே கதி. விசாரித்ததில், பதிவு செய்யாமல் வியாபாரச் செய்தி அனுப்பியதாகப் புகார்கள் வந்ததால் பதினைந்து நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தம் என்றார்கள்.

காவடி எடுக்கிற லட்சக்கணக்கான ஜனங்கள் மலைக்கு வரும் காலம். கற்பூரம், வெல்லம், சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும் வாரம். என் மனைவியின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு வியாபாரத்தை நடத்தினேன். தெரியாத நம்பராக இருக்கிறதே என்று பல கடைக்காரர்கள் எடுக்கவில்லை. நான் கேட்டுச் சொல்லவில்லை என்று நினைத்து வேறு இடத்தில் சரக்கு எடுத்தவர்களும் உண்டு. அந்த ஆடிக் கிருத்திகையின் நஷ்டத்தை நான் கணக்கில் எழுதவில்லை. மனதில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நாட்களில் ஒருவர் கடைக்குக் கூப்பிட்டார். தெலுங்கு கலந்த தமிழில், “ஐயா, நான் பள்ளிக்கூட வாத்தியார். உங்களிடம் ஒரு கிலோ பருப்புகூட வாங்கியதில்லை. எனக்கு எதற்கு மூட்டை விலை அனுப்புகிறீர்கள்?” என்றார். நம்பரைப் பார்த்தால், எங்களிடம் முன்பு சரக்கு எடுத்து, கடையை மூடிவிட்டுப் போன ஒருவருடைய நம்பர். அவர் விட்டுவிட்ட நம்பரைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறது. பேரேட்டில் செத்த கணக்கை நாம் கழிக்கிறோம். செல்போனில் உள்ள செத்த நம்பரைக் கழிப்பதில்லை. புகார் செய்தவர் அவரா, வேறு யாரோ எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவர்கள் மேல் குற்றமில்லை. குற்றம் என்னுடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துவது 1997-ல் ஏற்பட்ட டிராய் என்னும் ஆணையம். வியாபாரச் செய்திகள் பற்றி இப்போது நடைமுறையில் உள்ள விதிகளை அது 2018 ஜூலை 19 அன்று வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: வியாபார நோக்கத்தோடு மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அனுப்புநர் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தையும்கூட முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவுகளை எல்லா செல்போன் கம்பெனிகளும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டில் வைக்கிறார்கள். அதைத்தான் டி.எல்.டி. என்கிறார்கள். ஒரே பேரேட்டின் நகல் எல்லாப் பங்காளிகளிடமும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் அடித்துத் திருத்த முடியாது.

வாசகத்தைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை 2021 மார்ச் 8-ல் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் பல அப்போது வாசகத்தைச் சரியாகப் பதிவு செய்யவில்லை. அதனால் நாடு முழுவதும் வங்கி ஓ.டி.பி. கூட வராமல் ஜனங்கள் தவித்தார்கள். டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெரிய வங்கிகளே தடுமாறிய விஷயம் இது. நாம் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2025 பிப்ரவரி 12 அன்று விதிகளை மேலும் இறுக்கினார்கள். நாம் கவனிக்க வேண்டியவை:

1. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால் நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை.

2. செய்தி வந்து மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்று இருந்ததை ஏழு நாளாக ஆக்கியிருக்கிறார்கள். பதிவு செய்யாதவர் அனுப்பிய செய்தியைப் பற்றி யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். ‘விளம்பரம் வேண்டாம்’ என்று முன்னதாகப் பதிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

3. முதல் முறை தவறினால், அனுப்பியவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளிலும் பதினைந்து நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தம். மறுபடியும் தவறினால் எல்லாக் கம்பெனி இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும்.

அறுநூறு பேரில் ஐந்து பேர் என்பது எவ்வளவு சிறிய கணக்கு என்பதை வணிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயருக்கு முன்னும் பின்னும்

இப்போது வரும் செய்திகளைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும், பின்னால் ஒரு எழுத்தும் இருக்கும். முன்னால் உள்ள இரண்டில் முதலாவது செய்தியைக் கொண்டுவந்த கம்பெனியையும், இரண்டாவது தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். அவற்றை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, தானாக ஒட்டிக்கொள்ளும்.

பின்னால் வரும் ஒற்றை எழுத்து 2025 திருத்தத்தின்படி வந்தது. ஆங்கில ‘பி’ என்றால் விளம்பரம். ‘எஸ்’ என்றால் சேவைச் செய்தி. ‘டி’ என்றால் ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனைச் செய்தி. ‘ஜி’ என்றால் அரசாங்கம். “உங்கள் சரக்கு ஏற்றப்பட்டது”, “உங்கள் பாக்கி இவ்வளவு” என்பவை சேவை. “இந்த வாரம் துவரம் பருப்பு விலை குறைவு, உடனே வாங்குங்கள்” என்பது விளம்பரம். விளம்பரத்தைச் சேவை என்று பதிந்து அனுப்பினால் அது தவறான கணக்கு எழுதுவதற்குச் சமம். ஒருநாள் தணிக்கையில் மாட்டும்.

பதிவு செய்யும் முறை

முதற்படி, கடையைப் பதிவு செய்வது. ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகிய ஒவ்வொரு கம்பெனியும் இதற்கென்று இணையப் பக்கம் வைத்திருக்கிறது. ஒரு கம்பெனியில் பதிந்தால் போதும். அந்தப் பதிவு மற்றவற்றிலும் செல்லும். கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்று, உரிமையாளரின் அடையாளச் சான்று, கடை லெட்டர் பேடில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட அதிகாரக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. எடுக்காத சிறு கடைக்காரர்கள், அதற்குப் பதில் எந்தச் சான்று ஏற்கப்படும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

என் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. காரணம், ஜி.எஸ்.டி. சான்றில் ‘டிரேடர்ஸ்’ என்று இருக்கிறது. தகப்பனார் காலத்து லெட்டர் பேடில் ‘ஸ்டோர்ஸ்’ என்று இருக்கிறது. எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். ஏற்கப்பட்டால் 19 இலக்கத்தில் ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். அதைப் பத்திரமாக எழுதி வையுங்கள். அதுதான் இனி எல்லாவற்றுக்கும் மூலம்.

இரண்டாம் படி, அனுப்புநர் பெயர். சேவைச் செய்திக்கான பெயர் பொதுவாக ஆறு ஆங்கில எழுத்து. கடைப் பெயரோடு சம்பந்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கம் கேட்பார்கள் அல்லது தள்ளிவிடுவார்கள். நம் ஊரில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. திருத்தணியில் தெருவுக்கு நாலு கடை முருகன் பெயரிலோ தணிகை பெயரிலோதான் இருக்கும். முருகன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து. தணிகை என்றால் எட்டு. எப்படியும் சுருக்கத்தான் வேண்டும். அதே சுருக்கத்தைப் பழனியிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் முன்பே எடுத்திருக்கலாம். ஒருவருக்குக் கொடுத்தது நாடு முழுவதிலும் அவருக்கே. ஆகவே ஒரே பெயரை நம்பிப் போகாமல் மூன்று நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். சாமி பெயரில் பாதியும், கடைத் தெருவின் பெயரிலோ தகப்பனார் பெயரிலோ பாதியும் சேர்த்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாயால் சொல்லிப் பார்த்து, நம் கடை என்று வாடிக்கையாளருக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி, வாசகம். ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு மாதிரி வாசகம் பதிய வேண்டும். மாறாத சொற்களை அப்படியே எழுதி, தொகை, தேதி, பில் எண் போன்ற மாறும் இடங்களைக் குறித்துக் காட்ட வேண்டும். அச்சடித்த பில் புத்தகத்தில் கோடு போட்டு இடம் விடுகிறோமே, அதுபோல. பிறகு அனுப்பும்போது மாறாத பகுதியில் ஒரு சொல் பிசகினாலும் செய்தி போகாது. செய்திக்குள் கடைப் பெயரும் இருக்க வேண்டும்.

நான்காம் படி, அனுப்பித் தரும் ஏஜென்டு. நேரடியாக நாம் அனுப்ப முடியாது. பதிவு பெற்ற டெலிமார்க்கெட்டர் ஒருவரை நம் பதிவோடு இணைக்க வேண்டும். செய்தி யாரிடமிருந்து புறப்பட்டு யார் கைகள் வழியாகப் போகிறது என்ற சங்கிலி முழுவதும் பதிவில் இருக்க வேண்டும் என்பது 2024 டிசம்பர் 11 முதல் கட்டாயம். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் செய்தி நின்றுவிடும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்பு இந்த இணைப்பு முடிந்ததா என்று கேளுங்கள்.

தமிழில் அனுப்பினால் கணக்கு வேறு

ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70 இடம்தான். அதற்கு மேல் போனால் இரண்டு செய்தியாகக் கணக்கிட்டு இரட்டைக் கட்டணம். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நமக்கு ‘தி’ என்பது ஓர் எழுத்து. இயந்திரத்துக்கு ‘த’ ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஆக இரண்டு இடம். புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு இடம். திருத்தணி என்பது நமக்கு ஐந்து எழுத்து; செய்தியில் ஒன்பது இடம்.

“உங்கள் சரக்கு இன்று லாரியில் ஏற்றப்பட்டது. பில் எண் 1234.” என்பது, இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 57 இடம் பிடிக்கும். மீதி 13 இடத்தில் கடைப் பெயரை அடக்கிவிட்டால் ஒரே செய்தியில் முடியும். “மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு அன்பான வணக்கங்கள்” என்று ஆரம்பித்தால் மரியாதையிலேயே இடம் தீர்ந்துவிடும். மரியாதையை நேரில் காட்டுவோம்.

செய்யக் கூடாதவை

ஒன்று, இணைப்பு எனப்படும் லிங்க். 2024 அக்டோபர் 1 முதல், முன்னதாக அனுமதி பெற்ற லிங்க் தவிர வேறு எதுவும் செய்தியில் போகாது. பணம் கட்டும் லிங்க் வைக்க விரும்பினால் அதையும் பதிய வேண்டும். என் அபிப்பிராயம், மளிகைக் கடைக்காரர் லிங்க் வைக்கவே வேண்டாம். “எங்கள் செய்தியில் லிங்க் இருக்காது, இருந்தால் நம்பாதீர்கள்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால், நம் பெயரில் எவனாவது மோசடி செய்தாலும் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இரண்டு, பெயரை இரவல் கொடுப்பது. “உங்கள் பெயரில் நம்முடைய விளம்பரம் ஒன்று அனுப்பிக்கொள்கிறோம்” என்று பங்காளியே கேட்டாலும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பது போன்றது அது. 2024 மே மாதத்தில், எட்டு அனுப்புநர் பெயர்களிலிருந்து மூன்று மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மோசடிச் செய்திகள் போனதை அரசு கண்டுபிடித்தது. அந்தப் பெயர்களுக்குச் சொந்தமான எட்டு நிறுவனங்களும் கறுப்புப் பட்டியலில் ஏறின. அந்த எட்டுப் பெயர்களோடு நிற்கவில்லை; அவர்கள் வைத்திருந்த 73 பெயர்களும் 1,522 வாசகங்களும் முடக்கப்பட்டன.

மூன்று, வேண்டாம் என்றவரை விடாமல் துரத்துவது. விளம்பரச் செய்தியில், வேண்டாம் என்று சொல்லும் வழியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அப்படிச் சொன்னவரிடம் 90 நாள் வரை மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் விளம்பரம் அனுப்பவே வேண்டாம்.

நான்கு, இது சட்டத்தில் இல்லாதது. நம் தர்மத்தில் உள்ளது. பாக்கிச் செய்தியைக் கடுமையாக எழுதாதீர்கள். கடைக்காரருடைய செல்போன் அவர் கையிலேயே இருக்கும் என்று நிச்சயமில்லை. மகள் கையில் இருக்கலாம், சம்பந்தி பக்கத்தில் இருக்கலாம். தொகையும் தேதியும் போதும். “கடைசி எச்சரிக்கை” போன்ற சொற்கள் முப்பது வருடச் சிநேகத்தை முப்பது எழுத்தில் முறித்துவிடும்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. ஐம்பது அறுபது வாடிக்கையாளர் உள்ள கடைக்கு வாயும் போனும் போதும். நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், கடன் வியாபாரம் செய்கிறவர்கள், வீட்டு டெலிவரி செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்வது நல்லது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். நம்மவர்கள் பலர் கடை வைத்திருக்கும் சிங்கப்பூரில், 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிச் செய்திகளை நம்பி 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். உண்மையான வங்கிச் செய்திகள் வரும் அதே பெயரில் போலியும் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதன் பிறகு, 2023 ஜனவரி 31 முதல் அங்கே அனுப்புநர் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதியாத பெயரில் வரும் செய்தியின் மேல் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற பொருளில் முத்திரை விழும்.

நமக்கு வரும் செய்தியையும் நாம் சோதித்துப் பார்க்கலாம். ஒரு அனுப்புநர் பெயர் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பார்க்க டிராய் இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. தொல்லைச் செய்திகளுக்கு 1909-ல் புகார் செய்யலாம். பணமே போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இப்போது என் கடையிலிருந்து செய்தி போனால் எங்கள் பெயரிலேயே போகிறது. அனுப்பும் முன்பு நம்பர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அறுநூறு சொச்சத்தில் நானூற்றுப் பத்துதான் உயிருள்ள நம்பர்கள் என்று தெரிந்தது. அந்த வாத்தியாரின் நம்பரையும் நீக்கிவிட்டு, அதைச் சொல்ல அவருக்குப் போன் செய்தேன். “பரவாயில்லை ஐயா” என்றார். கிருத்திகைக்கு மலைக்கு வந்தபோது கடைக்கு வந்து ஒரு கிலோ வெல்லமும் வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்குப் பெயர்ப் பலகை வைக்காமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. செல்போனில் போகும் செய்திக்கும் ஒரு பெயர்ப் பலகை வேண்டும். அடுத்த பண்டிகைக் காலம் வரும்வரை காத்திராமல், வியாபாரம் மந்தமாக உள்ள மாதத்திலேயே காகிதங்களை எடுத்து வைத்துப் பதிவை முடித்துக்கொள்ளுமாறு சகோதர வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.